பெட்பானில் வளர்ந்த மருந்து

கடந்த கோடை விடுமுறையில் சபை வாலிபர்களோடு ஒக்ஸ்போர்டுக்குப் போன பயணம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். காலையில் கோச்சில் பாதிப் பேர் நித்திரை, மீதிப் பேர் சாப்பாட்டுப் பொதியை எப்போது பிரிப்பது என்ற கவலை. புரோட் வீதியில் இருக்கும் விஞ்ஞான வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் ஐன்ஸ்டைன் எழுதிய கரும்பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்தீர்கள். நானும் எடுத்தேன். அதே அருங்காட்சியகத்தில் ஒரு வெள்ளைப் பீங்கான் பாத்திரமும் இருந்தது. நீள்சதுரமாக, தட்டையாக, ஒரு பக்கத்தில் குட்டையான மூக்கோடு.

"அக்கா, இது என்ன, ரீ பொட்டா?" என்று ஒரு தம்பி கேட்டான்.

பத்து வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்கிறவளுக்கு அந்த வடிவத்தை யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. "பெட்பான் மாதிரி இருக்கு" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அது உண்மையிலேயே பெட்பானைப் பார்த்துச் செய்யப்பட்ட பாத்திரம்தான். ஒக்ஸ்போர்டில் முதன்முதலாக நோயாளிகளுக்கு ஏற்றப்பட்ட பெனிசிலின் அப்படியான பாத்திரங்களுக்குள்தான் வளர்ந்தது.

திரும்பி வரும் வழியில் ஒரு தங்கச்சி கேட்டாள்: "பல்கலைக்கழகத்தில ஆராய்ச்சி செய்யிறதுக்கு ஆர் அக்கா காசு குடுக்கிறது? கண்டுபிடிச்சால் அந்தக் காசு ஆருக்குப் போகும்?" கோச்சுக்குள் பாட்டுச் சத்தத்தில் எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெனிசிலின் என்றதும் பள்ளிப் புத்தகத்தில் நாம் படித்த பெயர் அலெக்சாண்டர் பிளெமிங். 1928 செப்டெம்பரில் அவர் விடுமுறை முடிந்து லண்டன் சென்ற் மேரிஸ் வைத்தியசாலையில் இருந்த தன் ஆய்வுகூடத்துக்குத் திரும்பினார். பக்ரீரியா வளர்த்து வைத்திருந்த கண்ணாடித் தட்டுகளில் ஒன்றில் பூஞ்சணம் பிடித்திருந்தது. பழைய பாணில் பிடிக்குமே, கிட்டத்தட்ட அதே வகைதான். அந்தப் பூஞ்சணத்தைச் சுற்றி மட்டும் பக்ரீரியா இல்லாமல் போயிருந்தது. 1929இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 'பெனிசிலின்' என்ற பெயரை வைத்தவரும் அவரே.

நல்ல கதை. பொய்யும் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரை வந்து பத்து வருடம் கழிந்தும் ஒரு நோயாளியின் உடலுக்குள் ஊசியாகப் போகக்கூடிய பெனிசிலின் உலகத்தில் எங்கேயும் இருக்கவில்லை. பூஞ்சணச் சாற்றிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். பிரிக்கப் போனால் கைக்குள்ளேயே அழிந்துவிடும். வேறு சிலரும் முயன்று பார்த்துக் கைவிட்டார்கள். ஒன்றைக் கண்ணால் கண்டுவிட்டதற்கும் அதை மருந்தாக வாட்டுக்குக் கொண்டுவருவதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது வைத்தியசாலையில் வேலை செய்யும் எங்களுக்குத் தெரியும். அந்தத் தூரத்தை நடந்து கடந்தது ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் சேர் வில்லியம் டன் நோயியல் கல்விக்கூடம்.

அந்தக் கட்டடத்தின் பெயரிலேயே தங்கச்சியின் கேள்விக்கு முதல் பதில் இருக்கிறது. வில்லியம் டன் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஒரு வணிகர். 1912இல் இறந்துபோனார். அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து கிடைத்த 100,000 பவுணில் அந்தக் கட்டடம் எழுந்து 1927இல் திறக்கப்பட்டது. பெனிசிலின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. எதற்காகப் பயன்படப் போகிறது என்று தெரியாமலே கொடுக்கப்பட்ட காசு அது.

1935இல் ஹவார்ட் புளோரி அங்கே பேராசிரியராக வந்தார். அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்தவர். ஆய்வகத்தை நடத்தக் காசு தேடி விண்ணப்பம் எழுதுவது அவருடைய அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது. அவர் சேர்த்துக்கொண்டவர்களில் ஒருவர் எர்ன்ஸ்ட் செயின். யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் ஜேர்மனியை விட்டு இங்கிலாந்துக்கு வந்தவர். அவருடைய தாயையும் தங்கையையும் நாசிகள் பின்னர் கொன்றார்கள். ஊரை விட்டு வந்து, திரும்பிப் போக முடியாமல், வந்த இடத்தில் வேலையில் மூழ்கியவர்களை நம் சபையிலேயே எனக்குத் தெரியும். செயினைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அவர்களின் முகங்கள்தான் வரும்.

பழைய கட்டுரைகளைத் தேடி வாசித்துக்கொண்டிருந்த செயின் 1938இல் பிளெமிங்கின் கட்டுரையைக் கண்டார். அந்தப் பூஞ்சணத்தின் வளர்ப்பு ஒன்று அதே கட்டடத்தில் ஏற்கெனவே இருந்தது! உயிர் காக்கும் மருந்து செய்யப்போகிறோம் என்ற எண்ணத்தில் அவர்கள் தொடங்கவில்லை. பக்ரீரியாவை எதிர்க்கும் இயற்கைப் பொருட்கள் எப்படி வேலை செய்கின்றன என்று அறிகிற ஆர்வமே காரணம் என்று பிற்காலத்தில் இருவரும் சொல்லியிருக்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் 'இதனால் என்ன பயன்?' என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதியிருந்தால் காசு கிடைத்திருக்குமோ என்னவோ.

1939 செப்டெம்பரில் போர் தொடங்கியது. அந்த நாட்களில்தான் புளோரி அரசாங்கத்தின் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்திடம் இந்த வேலைக்குக் காசு கேட்டார். உடனடியாகக் கிடைத்தது 25 பவுண். பின்னால் வரப்போகும் உதவிப் பெண்களுக்கு வாரம் 2 பவுண் சம்பளம் என்பதை வைத்துக் கணக்குப் பாருங்கள். ஒரு பெண்ணின் மூன்று மாதச் சம்பளம். அவ்வளவுதான்.

பெரிய தொகை அமெரிக்காவின் றொக்பெல்லர் அறக்கட்டளையிடமிருந்து வந்தது: ஆண்டுக்கு 5,000 டொலர் வீதம் ஐந்து வருடங்களுக்கு. என்னைக் கேட்டால், 5,000 என்பதை விட ஐந்து வருடம் என்பதுதான் பெரிய கொடை. அடுத்த வருடம் காசு நிற்குமோ என்று பயந்துகொண்டே செய்கிற வேலையில், பிழைத்துப் போகக்கூடிய பரிசோதனையை யாரும் துணிந்து தொடங்க மாட்டார்கள்.

மூன்றாவது ஆள்தான் என் மனதுக்கு மிகவும் பிடித்தவர். நோர்மன் ஹீற்லி. சஃபோக்கில் பிறந்த உயிர் இரசாயனவியலாளர். அப்போது இருபத்தெட்டு வயது. 1939 செப்டெம்பரில் அவர் கொப்பன்ஹேகனுக்குப் படிக்கப் போக இருந்தார். போர் வந்ததால் பயணம் நின்றது. புளோரி அவரைப் பிடித்து வைத்துக்கொண்டார். உடைந்ததை ஒட்டி, இல்லாததை இருப்பதைக் கொண்டு செய்யும் கை அவருக்கு. எங்கள் ஊரில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

பெனிசிலினைப் பிரித்தெடுக்க வழி சொன்னவரும் அவர்தான். பூஞ்சணச் சாற்றைக் குளிராக வைத்து, அமிலமாக்கி, ஈதருடன் சேர்த்துக் குலுக்கினால் பெனிசிலின் ஈதருக்குள் போய்விடும். அது முன்பே தெரிந்ததுதான். ஈதருக்குள் போனதை அழியாமல் வெளியே எடுப்பதுதான் தெரியவில்லை. அந்த ஈதரை, அமிலத்தன்மை இல்லாத நீருடன் மறுபடி குலுக்கினால் பெனிசிலின் நீருக்குள் திரும்பி வந்துவிடாதா என்று 1940 மார்ச்சில் ஹீற்லி கேட்டார். இவ்வளவு எளிதாகவா என்று செயினுக்கு நம்பிக்கையில்லை. செய்து பார்த்தார்கள். வந்தது. அந்த நீரை உறைய வைத்து உலர்த்தியபோது பழுப்பு நிறத் தூள் கொஞ்சம் மிஞ்சியது.

1940 மே 25, சனிக்கிழமை. எட்டுச் சுண்டெலிகளுக்கு உயிரைக் கொல்லும் அளவுக்கு ஸ்ரெப்ரோகொக்கஸ் கிருமிகளை ஏற்றினார்கள். நான்குக்கு மட்டும் பெனிசிலின். ஹீற்லி இரவு முழுக்கப் பக்கத்தில் இருந்து குறிப்பெழுதினார். அதிகாலை 3.45க்கு அவர் வீட்டுக்குப் புறப்பட்டபோது மருந்து கிடைக்காத நான்கும் செத்துவிட்டன. மருந்து கிடைத்த நான்கும் உயிரோடு இருந்தன. அடுத்த நாள்தான் டன்கேர்க் கரையிலிருந்து பிரித்தானியப் படைகளைப் படகுகளில் ஏற்றத் தொடங்கினார்கள். ஜேர்மனியர் இங்கிலாந்துக்குள் வந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, புளோரியின் குழுவினர் தங்கள் கோட்டுகளின் உட்புறத் துணியில் பூஞ்சண வித்துகளைத் தேய்த்து வைத்தார்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஓடவேண்டி வந்தாலும் யாராவது ஒருவரின் கோட்டில் மருந்து தப்பிப் பிழைக்கும்.

எலிக்குப் போதும். மனிதருக்கு? மனிதர் எலியை விட ஏறத்தாழ 3,000 மடங்கு பாரம் என்று புளோரி கணக்குப் போட்டார். ஒரு நோயாளியின் இரத்தத் தொற்றைக் குணப்படுத்தும் அளவு மருந்துக்கு ஏறத்தாழ 2,000 லீற்றர் பூஞ்சணச் சாறு வேண்டும். மருந்துக் கம்பனிகள் போர் நெருக்கடியில் இருந்தன. ஆகவே பல்கலைக்கழகக் கட்டடத்தையே தொழிற்சாலை ஆக்கினார்கள். பிஸ்கட் தகரம், பால் கொள்கலன், குளியல் தொட்டி என்று கண்ணில் பட்டதிலெல்லாம் பூஞ்சணம் வளர்த்துப் பார்த்தார்கள். பிரித்தெடுக்கும் இயந்திரத்தின் சட்டகம், பொட்லியன் நூலகம் கழித்துப் போட்ட ஒரு புத்தக அலுமாரி.

எல்லாவற்றிலும் நன்றாக வேலை செய்தது எது தெரியுமா? றாட்கிளிஃப் வைத்தியசாலையிலிருந்து கடனாக வாங்கிய பெட்பான்கள். பூஞ்சணம் மேற்பரப்பில்தான் வளரும். ஆகவே ஆழம் குறைவாக, பரப்பு அதிகமாக, மூடியபடி, கிருமி நீக்கம் செய்யக்கூடியதாக ஒரு பாத்திரம் வேண்டும். பெட்பானின் இலட்சணங்கள் அத்தனையும் அதுதானே. வைத்தியசாலையால் கொஞ்சம்தான் கொடுக்க முடிந்தது. எந்தத் தாதிதான் தன் வாட்டின் பெட்பான்களை மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பாள்?

ஹீற்லி அதே மாதிரியை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கக்கூடியதாக மாற்றி வரைந்தார். பீங்கான் தொழிலுக்குப் பெயர்போன ஸ்ரோக் பகுதியில், பேர்ஸ்லம் என்ற ஊரில் இருந்த ஒரு பீங்கான் தொழிற்சாலை செய்து கொடுத்தது. 1940 டிசெம்பர் 23 அன்று, இரவல் வானை ஓட்டிக்கொண்டு போய் 174 பாத்திரங்களை ஏற்றி வந்தார். கழுவி, கிருமி நீக்கி, நத்தார் தினத்தன்று விதைக்கத் தொடங்கினார். அருங்காட்சியகத்தில் நீங்கள் 'ரீ பொட்' என்று சிரித்தது அந்த வகைப் பாத்திரம்தான்.

அவற்றைப் பராமரிக்க ஆறு இளம் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். 'பெனிசிலின் பெண்கள்' என்று பெயர். உங்களில் மூத்தவர்களின் வயதுதான் இருக்கும். வித்துத் தூவுவது, நாட்கணக்கில் காத்திருந்து அடியிலுள்ள சாற்றை உறிஞ்சி எடுப்பது, மறுபடி நிரப்புவது, குளிரறையில் கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு வேலை செய்வது. ஈதர் வாடை. பாரமான போத்தல்கள். வாரம் 2 பவுண். அவர்கள் யாருக்கும் நோபல் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் இந்தப் பெண்கள் ஒரு கிழமை வராமல் விட்டிருந்தால் பேராசிரியர்களின் கையில் வெறும் கடதாசிதான் மிஞ்சியிருக்கும்.

இனி எனக்கு எழுதக் கஷ்டமான பகுதி.

அல்பேர்ட் அலெக்சாண்டர் 43 வயதுப் பொலிஸ்காரர். முகத்தில் பட்ட காயம் ஒன்று பழுத்துவிட்டது. ரோஜா முள் கீறியது என்று பல புத்தகங்களில் இருக்கும். குண்டுவீச்சில் பட்ட காயம் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். எப்படியோ, கிருமி முகம், தலை, நுரையீரல் என்று பரவி, ஒரு கண்ணையே எடுக்க வேண்டி வந்தது. அப்போது இருந்த சல்ஃபா மருந்து பலிக்கவில்லை. 1941 பெப்ரவரி 12 அன்று றாட்கிளிஃப் வைத்தியசாலையில் அவருக்கு 200 மில்லிகிராம் பெனிசிலின் ஏற்றினார்கள். பிறகு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 100 மில்லிகிராம்.

ஒரே நாளில் மாற்றம் தெரிந்தது. காய்ச்சல் இறங்கியது. சீழ் குறைந்தது. சாப்பிடத் தொடங்கினார். அந்த வாட்டில் அன்று நின்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அதற்கு முன் அப்படி ஒரு நோயாளி எழும்பி உட்கார்ந்ததை யாரும் கண்டதில்லை.

ஆனால் மருந்து போதாது. பெனிசிலின் சிறுநீரோடு வேகமாக வெளியேறிவிடும். ஆகவே அவருடைய சிறுநீரைச் சேர்த்து, சைக்கிளில் டன் கல்விக்கூடத்துக்குக் கொண்டு போய், அதிலிருந்து பெனிசிலினைத் திரும்பப் பிரித்தெடுத்து, மறுபடி அவருக்கே ஏற்றினார்கள். இதை முதலில் வாசித்தபோது நான் நைட் டியூட்டியில் தேநீர் இடைவேளையில் இருந்தேன். ஒரு சொட்டும் வீணாகாமல் அந்தச் சிறுநீரைச் சேர்த்தது யாருடைய கை? எனக்கு அந்த வேலை தெரியும். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஊசி என்றால் இரவில் அந்த வாட்டில் என்ன நடந்திருக்கும் என்பதும் தெரியும்.

ஐந்து நாளில் கையிருப்பு முடிந்தது. பூஞ்சணம் தன் வேகத்தில்தான் வளரும். யார் கெஞ்சினாலும் அவசரப்படாது. சில நாள் அவர் தாக்குப்பிடித்தார். பிறகு கிருமி திரும்பி வந்தது. 1941 மார்ச் 15 அன்று இறந்துபோனார்.

ஐந்து நாளும் சேர்த்து அவருக்குப் போனது ஏறத்தாழ 4.4 கிராம் தூள். அந்தத் தூளிலும் உண்மையான பெனிசிலின் ஒரு சிறு பங்குதான். என் வாட்டு மருந்து அலுமாரியில் இருக்கும் ஒரு சிறு குப்பிக்குள் 600 மில்லிகிராம் சுத்தமான பெனிசிலின் இருக்கிறது. ஒரு பெட்டி நிறையக் குப்பிகள் இருக்கும். திகதி முடிந்தால் கழித்துவிட்டுப் புதுப் பெட்டி எடுப்போம்.

அவருக்குப் பிறகு புளோரி முக்கியமாகப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார். சின்ன உடம்புக்குக் குறைந்த மருந்து போதும் என்பதே காரணம். பலர் பிழைத்தார்கள். அந்த முடிவுகள் 1941 ஓகஸ்டில் 'லான்செற்' மருத்துவ இதழில் வந்தன.

கண்டுபிடித்தால் காசு யாருக்கு என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். காப்புரிமை எடுப்போம் என்று செயின் வற்புறுத்தினார். உயிர் காக்கும் மருந்துக்குக் காப்புரிமை எடுப்பது முறையல்ல என்பது அன்றைய பிரித்தானிய மருத்துவப் பெரியவர்களின் கருத்து. எடுக்கவில்லை. 1941 கோடையில் புளோரியும் ஹீற்லியும் பூஞ்சணத்தோடு அமெரிக்காவுக்குப் பறந்தார்கள். இலினோய் மாநிலத்தில் பியோரியா என்ற ஊரில் இருந்த அரசாங்க விவசாய ஆய்வுகூடத்தில், சோளத்திலிருந்து மாவெடுத்த பின் மிஞ்சும் கழிவு நீரில் பூஞ்சணம் பல மடங்கு பெனிசிலின் தருவதைக் கண்டார்கள். அந்த ஊரில் கிடைத்த அழுகிய முலாம்பழம் ஒன்றிலிருந்து இன்னும் நல்ல இனப் பூஞ்சணமும் கிடைத்தது. பெரிய கம்பனிகள் இறங்கின. 1944 ஜூனில் நோர்மண்டியில் படைகள் தரையிறங்கியபோது காயப்பட்ட வீரர்களுக்குப் போதிய பெனிசிலின் இருந்தது. பியோரியாவில் ஹீற்லியோடு வேலை செய்த அன்ட்ரூ மோயர் உற்பத்தி முறைக்குக் காப்புரிமை எடுத்துக்கொண்டார். ஒக்ஸ்போர்டில் பலருக்கு அது நீண்ட நாள் கசப்பு.

1945 நோபல் பரிசு பிளெமிங், புளோரி, செயின் மூவருக்கும். ஒரு பரிசை மூவருக்கு மேல் பங்கிடக் கூடாது என்பது விதி. ஹீற்லிக்கு இல்லை. 1990இல் ஒக்ஸ்போர்ட் அவருக்குக் கௌரவ மருத்துவக் கலாநிதிப் பட்டம் கொடுத்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் 800 வருட வரலாற்றில் வைத்தியர் அல்லாத ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை.

இதற்கு ஒரு இரண்டாம் பாகம் உண்டு. அதைப் பலர் சொல்வதில்லை. இத்தாலியின் சார்டீனியாத் தீவில் ஜியுசெப்பே புரொட்சு என்ற பேராசிரியர், கடலுக்குள் கழிவுநீர் விழும் இடத்திலிருந்து ஒரு பூஞ்சணத்தை எடுத்தார். அது 1948இல் ஒக்ஸ்போர்டுக்கு வந்தது. பெனிசிலின் குழுவில் இருந்த எட்வேர்ட் ஆபிரகாமும் கை நியூற்றனும் அதிலிருந்து செஃபலோஸ்போரின் சி என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இன்று வாட்டில் நாங்கள் ஏற்றும் செஃப்ற்றியாக்சோன், பிள்ளைகளுக்குக் கொடுக்கும் செஃபலெக்சின் எல்லாம் அந்தக் குடும்பம். இந்தத் தடவை காப்புரிமை எடுத்தார்கள். பெருந்தொகை வந்தது. ஆபிரகாம் தன் பங்கின் பெரும்பகுதியை அறக்கட்டளைகளாக்கி, டன் கல்விக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் திருப்பிக் கொடுத்தார். 1999இல் அவர் இறப்பதற்குள் கொடுத்தது 30 மில்லியன் பவுணுக்கு மேல். 25 பவுணில் தொடங்கிய இடம் அது. ஆகவே தங்கச்சி, காப்புரிமை எடுத்ததால் அவர்கள் பேராசைக்காரர்கள், எடுக்காததால் இவர்கள் நல்லவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வந்த காசு எங்கே போனது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதே ஆபிரகாமும் செயினும் 1940 டிசெம்பரில் இன்னொரு கட்டுரை எழுதியிருந்தார்கள். பெனிசிலினை உடைத்து அழிக்கும் ஒரு நொதியைச் சில பக்ரீரியாக்கள் உண்டாக்குகின்றன என்பது அதன் சாரம். திகதியைப் பாருங்கள். பொலிஸ்காரருக்கு முதல் ஊசி போட இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள்ளேயே மருந்தை வெல்லும் கிருமியைக் கண்டுவிட்டார்கள். பிளெமிங்கும் 1945 நோபல் உரையில் எச்சரித்தார். கடையில் வாங்கித் தானாகவே குறைந்த அளவில் போட்டுக்கொள்பவர், கிருமியைக் கொல்லாமல் அதற்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் உள்ளவர்களுக்கும் பரப்பிவிடுவார் என்பது அவர் சொன்னதன் கருத்து.

2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பக்ரீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக 1.27 மில்லியன் பேர் இறந்ததாக, ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த பெரிய கணக்கெடுப்பு சொல்கிறது. புது மருந்து கண்டுபிடித்தால் போச்சு என்று நினைப்பீர்கள். அங்கேதான் காசு இடிக்கிறது. நீரிழிவு மாத்திரையை ஒருவர் ஆயுள் முழுக்க வாங்குவார். அன்ரிபயோட்டிக் ஒரு கிழமைக்கு. அதிலும் புது மருந்து வந்தால், பழையது எல்லாம் கைவிட்ட பிறகு பாவிப்போம் என்று நாங்களே பூட்டி வைக்கிறோம். பூட்டி வைக்கும் சாமானில் எந்தக் கம்பனிக்கு இலாபம்? அகெயோஜென் என்ற அமெரிக்கக் கம்பனியின் புது அன்ரிபயோட்டிக்குக்கு 2018இல் அனுமதி கிடைத்தது. அடுத்த வருடமே கம்பனி வங்குரோத்து. அதனால்தான் இங்கே தேசிய சுகாதார சேவை 2022இலிருந்து இரண்டு மருந்துகளுக்கு, எத்தனை குப்பி பாவித்தாலும் வருடச் சந்தா மாதிரி ஒரே தொகை கொடுக்கும் முறையைத் தொடங்கியது. 2021இல் இனியோஸ் கம்பனி இந்தப் பிரச்சினையை ஆராய ஒக்ஸ்போர்டுக்கு 100 மில்லியன் பவுண் கொடுத்தது. இரசாயனக் கம்பனி ஒன்று ஏன் கொடுக்கிறது என்று சந்தேகத்தோடு கேட்பவர்களும் உண்டு. கேட்கட்டும். எனக்கு அந்த ஆய்வு நடக்க வேண்டும்.

ஏனென்றால் நான் அதைத் தினமும் பார்க்கிறேன். சாதாரண சிறுநீர்த் தொற்றோடு வரும் வயோதிபத் தாய்மாரின் பரிசோதனைத் தாளில், மருந்துகளின் பெயர்களுக்கு நேரே 'பலிக்காது', 'பலிக்காது' என்று வரிசையாக இருக்கும். ஒருகாலத்தில் மாத்திரையோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர், நாளங்களில் ஊசி ஏற்றிக்கொண்டு நாட்கணக்கில் கட்டிலில் கிடப்பார்.

இதை எழுத உட்கார்ந்த கிழமை, எங்கள் வீட்டுக் குசினி லாச்சியில் தேசிக்காய் பிழியும் கருவி தேடினேன். கையில் தட்டுப்பட்டது அமொக்சிசிலின் அட்டை. யாழ்ப்பாணத்தில் துண்டு இல்லாமலே வாங்கி, அம்மா சூட்கேசில் மிளகாய்த்தூளோடு கொண்டு வந்தது. நான்கு குளிசை இல்லை. இரண்டு அப்பாவின் இருமலுக்கு, இரண்டு பக்கத்து வீட்டு அன்ரிக்கு. இருமலுக்குப் பெரும்பாலும் காரணம் வைரஸ். அதற்கு இது ஒன்றும் செய்யாது என்று தினமும் நோயாளிகளுக்குச் சொல்கிற நான், தாதியியல் படித்த காலத்தில் சோதனைக்கு முதல் நாள் தொண்டை நோவுக்கு இதே லாச்சியிலிருந்து எடுத்துப் போட்டவள்தான். அதை இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை.

"பிள்ளை, காசு குடுத்து வாங்கினது. எறியிறதே?" என்று அம்மா கேட்டா.

எறியக் கூடாது, குப்பையிலும் தண்ணீரிலும் போடக் கூடாது, பாமசியில் கொடுத்தால் அவர்கள் ஒழுங்காக அழிப்பார்கள் என்றேன். பிறகு அந்தப் பொலிஸ்காரரின் கதையைச் சொன்னேன். சிறுநீரைச் சைக்கிளில் கொண்டு போன இடத்தில் அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டா. "பாவம், அந்த மனிசனுக்குப் பெண்சாதி பிள்ளையள் இருந்தவையோ?" என்றா. இருந்தார்கள் என்றேன்.

சனிக்கிழமை இருவருமாகப் பாமசிக்குப் போனோம். நான் அட்டையை நீட்டினேன். வேறு ஏதும் இருக்கிறதா என்று அங்கே நின்ற பிள்ளை கேட்டாள். இல்லை என்று நான் சொல்லி முடிக்குமுன், அம்மா மெதுவாகத் தன் கைப்பையைத் திறந்து இன்னும் இரண்டு அட்டைகளை எடுத்து வைத்தா.